பதினெட்டில் ஓடிய அறை

குளிர வைக்க முடியாத பொருள் என்று உலகத்தில் ஒன்றுமே கிடையாது என்பது அண்ணனின் கொள்கை. இருபது வருட ஏசி மெக்கானிக் சொன்னால் சும்மாவா? தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் விட்டதும் சுவரிலிருந்த ஏசியைத்தான் முதலில் பார்த்தான். ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று நர்சிடம் புகார் சொன்னான். அவள் தம்பியின் அக்குளில் ஐஸ் பை வைத்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

தம்பி யாருடைய பிறந்தநாளிலோ ஏதோ மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆடியிருக்கிறான். உடம்பு கொதித்து நடுங்கியிருக்கிறது. குளிர்ஜுரம் என்று கண்டுபிடித்த நண்பர் கூட்டம், ஃபேனை நிறுத்தி, இரண்டு கம்பளி போர்த்தி, பத்திரமாகப் படுக்க வைத்தது. போலீஸ் பயத்தில் விடிந்த பிறகுதான் தூக்கி வந்தார்கள். என்ன சாப்பிட்டான் என்று டாக்டர் கேட்டதற்கு, சோடாபுட்டி என்கிற நண்பன் கண்ணாடியைத் துடைத்தபடி ஜூஸ் என்றிருக்கிறான்.

அண்ணன் அவனை வராந்தாவில் மடக்கினான்.

"நின்னுபோற ஃப்ரிட்ஜ்கூட முன்னாடியே நாலு சத்தம் குடுக்கும். நீ வாயத் தொறக்க மாட்டியா?"

திறந்தான். டாக்டர் கேட்டுக்கொண்டார். தசை கரைந்து சிறுநீரகத்தை அடைத்துவிட்டது, இனி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்றார்.

"அடைப்புன்னா சுத்தம் பண்ணிடலாமே சார்."

டாக்டர் அவன் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

உள்ளே அம்மா ஸ்கேன் உறையால் தம்பிக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ரூமே பதினெட்டுல ஓடுது. இந்த அட்டைய வெச்சு என்னத்தக் கிழிக்கப் போற? என் தொழிலுக்கே கேவலம்."

"இருக்கட்டும்டா."

"கை வலிச்சா உனக்கும் ஒரு கட்டில் தேடணும்."

அவள் விசிறினாள். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். தம்பி எழுந்ததும் திட்டுவதற்கென்று நல்ல நல்ல வார்த்தைகளாகச் சேர்த்து வைத்திருந்தான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மிஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். நர்ஸ் ஐஸ் பைகளை எடுத்து வாளியில் போட்டாள். அம்மாவைச் சித்தி வெளியே கூட்டிப்போனாள்.

அண்ணன் தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். இன்னும் சுட்டது. ரிமோட்டை எடுத்து அழுத்தினான். பதினெட்டுக்குக் கீழே போகாது என்று அவனுக்குத் தெரியும். இரண்டு முறை அழுத்தினான்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஸ்கேன் உறையை எடுத்தான். வலது கை வலித்ததும் இடது கைக்கு மாற்றிக்கொண்டான்.