மூட்டைப் பிடி

பயிற்சிக் கூடத்தின் பெயர்ப்பலகையில் முதலில் ஐந்நூறு ஆண்டுப் பழமை என்றுதான் இருந்தது. வெயிலில் எழுத்து வெளுத்து, திரும்ப எழுதக் கொடுத்தபோது ஆயிரம் ஆனது. பலகையையே மாற்றி விளக்குப் போட்டபோது இரண்டாயிரம். பெயின்டர் மாற மாறக் கலைக்கு வயது ஏறியது. கூடத்தை நடத்திய அவளுடைய அண்ணனுக்கு அதில் கூச்சநாச்சம் எதுவும் இல்லை.

கலையை உண்டாக்கியவர் அவர்களுடைய அப்பா. பஞ்சாலைக் கிடங்கில் மூட்டை தூக்கியவர். கூட வேலை பார்த்த மல்யுத்தக்காரனிடம் கொஞ்சம், கப்பல் வேலையை விட்டு ஓடிவந்த ஒருவனிடம் கொஞ்சம் என்று பொறுக்கியெடுத்து, சாப்பாட்டு இடைவேளைகளில் ஒட்டுப் போட்டுத் தைத்தது. அண்ணனுக்கு அடி என்றால் பயம். கிடங்குப் பக்கமே தலைவைக்க மாட்டான். அப்பாவோடு மல்லுக்கு நின்றவள் அவள்தான். பத்தொன்பது வயதில் அவளே ஒரு பிடியைக் கண்டுபிடித்தாள். ஆட்கள் முதுகிலிருந்து மூட்டையை இறக்குவதைப் பார்த்துப் பார்த்து வந்த பிடி. எதிராளியின் கைக்கு அடியில் நுழைந்து, இடுப்பைத் தாழ்த்தி, லேசாகச் சரித்துவிட்டால் போதும். அவன் கனமே அவனைக் கவிழ்த்துவிடும். அப்பா விழுந்து எழுந்து, முழங்கையைத் தடவிக்கொண்டே, "மூட்டைப் பிடி. இது உன் சரக்கு" என்றார். அந்த வாயிலிருந்து அவள் வாங்கிய பாராட்டு அது ஒன்றுதான்.

அப்பா போன பிறகு அண்ணன் பொறுப்பேற்றான். அவனுக்குக் கை வராது, வாய் வரும். மலைக்குகை, கொக்கும் பாம்பும் சண்டை போட்டதை ஒளிந்திருந்து பார்த்த துறவி, கடல் தாண்டிப் போன சீடர்கள் என்று கதை வளர்ந்தது. மற்ற நாட்டுச் சண்டைக்கலைகள் எல்லாம் இங்கிருந்து திருடியவை என்று மேடைக்கு மேடை பேசினான். மூட்டைப் பிடி 'துறவி வீச்சு' ஆயிற்று. கிடங்கு மூலையில் ஓர் இரும்புத் தூண் இருந்தது; அதில் மண்டையை இடித்துக்கொள்ளக் கூடாது என்று அப்பா பயிற்சியின் நடுவே ஓரடி விலகி நடப்பார். தூணே இல்லாத புதுக் கூடத்திலும் மாணவர்கள் அத்தனை பேரும் அதே இடத்தில் பயபக்தியோடு விலகினார்கள். மறைந்திருக்கும் பகைவனின் ஈட்டிக்கு வழிவிடுகிறார்களாம்.

அவள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். மேடை அவனுக்கு, தரை தனக்கு என்று இருந்துவிட்டாள். ஆனால் இப்போது அரசு அங்கீகாரம் வரப்போகிறது. அதில் ஆசான் என்று பெயர் இருப்பவர்தான் இனிமேல் சொந்தமாகச் சொல்லிக்கொடுக்க முடியும். இரண்டு பேர் பெயரையும் அப்படியே கொடுப்பதாக அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தான்.

அதிகாரி வருகிற அன்று காலை, மெத்தை விரிக்கும்போது கேட்டாள்.

"என் பேரு போயிருக்குல்லண்ணா?"

"போயிருக்கு. உதவியாளர்னு."

"ஆசான்னு சொன்னே."

அண்ணன் இடைக்கச்சையை இழுத்து முடிந்தான். "மரபுல பொம்பளை ஆசான் கிடையாதேம்மா. துறவியோட கட்டளை."

"அந்தத் துறவியைப் பெத்ததே நீதானே? உன் பிள்ளைகிட்டே கொஞ்சம் எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"மெதுவாப் பேசு, பசங்க இருக்காங்க. கட்டளையை நோட்டீஸ்லயே அடிச்சாச்சு. இப்ப மாத்தினா மொத்தமும் புளுகுன்னு ஆயிடும்."

"மொத்தமும் புளுகுதான்."

"அந்தப் புளுகுலதான் உன் வீட்டு அடுப்பும் எரியுது."

அது உண்மை. அதனாலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதிகாரி கேமராக்காரரோடு வந்து உட்கார்ந்தார். இல்லாத தூணுக்கு மாணவர்கள் விலகினார்கள், உருண்டார்கள், வணங்கினார்கள். அண்ணன் மேடையேறிக் கதையில் குகைக்குள் நுழைந்து கொக்குவரைக்கும் வந்தபோது அவள் எழுந்து நின்றாள்.

"சார், இது ரெண்டாயிரம் வருஷம் இல்லை. எங்கப்பா பஞ்சாலைக் கிடங்குல உண்டாக்கினது. துறவி வீச்சு நான் கண்டுபிடிச்சது."

மூத்த மாணவன், எல்லோரும் கொம்பன் என்று கூப்பிடுகிறவன், முதலில் சிரித்தான். அவனுக்கு ஒழுங்காக விழக் கற்றுக்கொடுத்ததே அவள்தான்.

"அப்ப துறவி யாருகிட்டக்கா கத்துக்கிட்டாரு? உங்ககிட்டயா?"

சிரிப்பு கூடம் முழுக்கப் பரவியது. அவள் அண்ணனைப் பார்த்தாள்.

"இறங்கி வாண்ணா. உன் துறவி வீச்சை என்மேல போட்டுக் காட்டு."

அத்தனை பேர் முன்னால் மறுக்க வழியில்லை. வந்தான். கையைப் பிடித்து இழுத்தான். மேடையில் அவன் விரல் பட்டாலே மாணவர்கள் உருண்டுவிடுவார்கள், அதிலேயே பழகிவிட்டவன். அவள் நட்டுவைத்த மாதிரி நின்றாள். மறுபடி இழுத்தான். முகத்தில் வியர்வை வந்ததுதான் மிச்சம். பிறகு அவள் அவன் கைக்கு அடியில் நுழைந்தாள், இடுப்பைத் தாழ்த்தினாள், சரித்தாள். அண்ணன் காலும் தலையும் இடம்மாறி மெத்தையில் பொத்தென்று விழுந்தான். வாழ்நாளில் அவள் போட்டதிலேயே சுத்தமான பிடி அது.

இப்போதாவது தெரிந்ததா என்று அதிகாரியைப் பார்த்தாள்.

அவர் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். "ரெண்டாயிரம் வருஷம்! இந்தச் சின்ன உடம்பு அவ்வளவு பெரிய ஆளைத் தூக்கிப் போடுதே, ஏதோ கிடங்குல உண்டாக்கினா இப்படி வருமா? ரத்தத்துல இருக்கணும். எல்லாத்தையும் அப்பா கணக்குல சேர்க்குது பாருங்க, என்ன ஒரு அடக்கம்!"

அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அவனுக்கு மூச்சு வருவதற்குள் பேச்சு வந்துவிட்டது.

"ஆசான் தன்னையே விழவிட்டுக் காட்டறதும் எங்க மரபுல ஒரு பாடம் சார்."

மாணவர்கள் அவனைக் குனிந்து வணங்கினார்கள்.

"பொண்ணுங்களுக்கும் சொல்லித் தர்றீங்க, சந்தோஷம்" என்றார் அதிகாரி. "கேமராவுக்காக இன்னொரு தடவை போடும்மா."

அவளுக்கு விளங்கிவிட்டது. எவ்வளவு நன்றாகப் போட்டாலும் அது துறவி பெயருக்குத்தான் போய்ச்சேரும். மோசமாகப் போட்டால் பொம்பளை போட்டது என்பார்கள்.

"முடியாது" என்றாள். யார் முகத்தையும் பார்க்காமல் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள்.

உள்ளே அண்ணனின் குரல் நிதானமாகக் கேட்டது. "தப்பா நினைக்காதீங்க சார். துறவி வீச்சை ஒரே ஆள்மேல ரெண்டாவது தடவை போடக் கூடாது. அப்படி ஒரு விதி."

"அப்படியா?" என்றார் அதிகாரி. கொம்பன், அது தனக்கு முன்பே தெரியும் என்றான்.