வேட்பாளர் கொடுத்த சேலை

விஸ்வநத்தத்துக்குச் சாலை பிரியும் விலக்கில் பட்டாசு ஆலை வேன் நின்றது. கதவைத் திறந்தேன். உள்ளே இருந்த இருபது பெண்களும் ஒரே பச்சைச் சேலையில் இருந்தார்கள். முந்தாநாள் வேட்பாளரின் ஆட்கள் வீடு வீடாகக் கொடுத்தது. பளபளக்கும் நைலான்.

"என்ன மாரிசெல்வி, நீ மட்டும் பழைய பருத்திச் சேலையில எழவு வீட்டுக்குப் போறவ மாதிரி வந்திருக்க?" என்று சிரித்தாள் ஞானசுந்தரி. என்னோடு ஒரே அறையில் பூச்சட்டிக்கு வெடிமருந்து அடைப்பவள்.

"பயர் ஆபீசுக்கு நைலான் ஆகுமாக்கா? பொறி பறந்தா?"

"போர்மேன் கட்டிட்டு வரச் சொல்லியிருக்காரே."

ஆலை வாசலில் போர்மேன் சங்கரபாண்டியன் என்னை மறித்தார். "நாலு மணிக்கு வேட்பாளர் வர்றாக. முதலாளிக்கு வேண்டப்பட்டவுக. எல்லாரும் ஒண்ணுபோல நிக்கணும். போய் மாத்து."

"பருத்தி தவிர வேற துணி கூடாதுன்னு நீங்கதானண்ணே பாடம் எடுத்தீக?"

"அது சோதனைக்கு ஆபீசர் வந்தன்னைக்கு எடுத்த பாடம். மாத்துறியா, வீட்டுக்குப் போறியா?"

இப்படி ஆகும் என்று பயந்து சேலையைப் பையில் வைத்திருந்தேன். மாற்றினேன். எங்கள் தெருவில் எத்தனை ஓட்டு என்று விரல்நுனியில் வைத்திருப்பவர்களுக்கு, நாங்கள் என்ன வேலைக்குப் போகிறோம் என்பது தெரியாமலா இருக்கும்?

உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க, நிலைப்படி அருகே இருந்த தாமிரத் தகட்டை இரண்டு முறை தொட்டுவிட்டு உள்ளே போனேன். நான்கு பேர் உட்கார்ந்தோம். சித்திரை வெயில். காற்றில் ஈரமே இல்லை. சேலை கெண்டைக்காலில் ஒட்டியது. கை மயிர் சிலிர்த்து நின்றது.

பதினோரு மணி இருக்கும். வியர்வை துடைக்க ஞானசுந்தரி முந்தானையை இழுத்தாள்.

படக்.

சின்னச் சத்தம்தான். எட்டுக் கைகளும் அப்படியே நின்றன. எங்கள் நடுவில் தட்டு நிறைய மருந்து.

"சேலையை இழுக்காதீக. ஒவ்வொருத்தரா மெல்ல எந்திரிங்க" என்றேன்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றதும் சங்கரபாண்டியன் வந்துவிட்டார். "என்ன, இங்கன மாநாடா நடக்குது?"

"உள்ள பொறி பறந்துச்சுண்ணே. நம்பலைன்னா இந்தச் சேலையைத் தோள்ல போட்டுக்கிட்டு நீங்க ஒருக்க உள்ள போய்ட்டு வாங்க."

அவர் நிலைப்படியைப் பார்த்தார். கால் நகரவில்லை. குரல் மட்டும் தணிந்தது. "அடுத்த ரூமுக்கு ஒரு வார்த்தை போச்சுன்னா, நாளையிலேர்ந்து உனக்கு வேன் நிக்காது."

வரிசையாகப் பதினான்கு அறைகள். திறந்த கதவுகளுக்குள் எல்லாம் பச்சை. பக்கத்து அறையில் யாரோ எழுந்து கொசுவத்தை உதறப் போனாள்.

கத்தினால் பதறி எழுவார்கள். ஓடினால் சேலை உரசும்.

அந்தக் கதவை நோக்கி மெல்ல நடந்தேன்.