எவரிஸ்தா காட்டிய மேடு

எவரிஸ்தா மகனைத் தேடத் தொடங்கி நானூற்றுப் பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன. அமெரிக்காவில் போதைப்பொடிக்கு ஆள் பெருகப் பெருக, அதைக் கடத்தும் கும்பல்கள் மெக்சிகோவின் சினலோவா மாநிலத்தில் பிள்ளைகளைக் கொன்று புதைத்தன. தாய்மார் கூடித் தேடினார்கள். இந்த மேட்டைப் பற்றி மட்டும் அவள் சொல்லாமலே இருந்தாள். சொன்னால் இவர்களையும் இழப்போமென்ற பயம்.

இன்று சொன்னாள். இரும்புக் கம்பியை மண்ணில் இறக்கி, உருவி, நுனியை முகர்ந்தார்கள்.

"உன் மூக்குகிட்ட நாயே தோத்துடும்டீ," என்று எவரிஸ்தாவைப் பார்த்துச் சிரித்தாள், கூடத் தேடும் தாய்களில் ஒருத்தியான ரெஃபூஹியோ.

குத்திய இடமெல்லாம் பிணவாடை. மாலைக்குள் தோண்டியெடுத்தது பதினேழு பேரை. சின்ன மேடு இத்தனை பேரை மூடி வைத்திருந்ததை நம்பமுடியாமல் பெண்கள் தொப்பியைக் கழற்றி நின்றார்கள்.

ரெஃபூஹியோவின் மடியில், குழியில் கிடைத்த அவள் மகனின் பெல்ட் கிடந்தது. "உன் பையன் இங்க இல்லயேடீ. அப்புறம் இந்த இடம் உனக்கு எப்படித் தெரியும்?"

"காணாமப் போறதுக்கு முன்னாடி அவன்தான் சொன்னான்," என்றாள் எவரிஸ்தா. "குழி வெட்டினவனே அவன்தான்."