கூட்டாத வீடு

வெண்டெல் இறந்த மறுநாள் காலை, வழக்கமான நேரத்துக்கு எழுந்து, காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, கப்பல் பழுதுபார்க்கும் துறைக்கு வேலைக்குப் போனார். ஒலொங்காப்போ என்ற துறைமுக ஊரில் எங்கள் தெரு குன்றின் சரிவில் இருக்கிறது. யார் இறங்கினாலும் எல்லா வாசலுக்கும் தெரியும். அன்று இறங்கியவர் இறந்தவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, மதியம் பன்றிக்கறி அடோபோவும் சோறும் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே மூச்சை விட்டார். பெட்டிக்கடை சபேல் ஓடிப்போய் மூக்குக்குக் கீழே கைக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். கண்ணாடி துளியும் மங்கவில்லை. துக்க வீடுகளில் சீட்டாட்டம் நடத்தி வயிறு வளர்க்கும் தாதோ, சேதி கேட்ட கையோடு மேசையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். ஆனால் வெண்டெலின் மனைவி பிலா எங்களை எல்லாம் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். அழுகைச் சத்தமே கேட்கவில்லை. தாதோ மேசையை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு, இப்படி ஒரு துக்க வீட்டை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று திட்டிக்கொண்டே போனான்.

உள்ளே நடந்தது சபேலுக்கு மட்டும் தெரியும். அவள் கடைக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒட்டுப்பலகைச் சுவர். பிலா புருஷன் காதருகே குனிந்து, “வெண்டெல், இப்பப் போயிடாத. குவாம்ல இன்னும் தேதி குடுக்கல. அதுவரைக்கும் பொறுத்துக்க, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்று சொன்னாளாம். வெகுநேரம் கழித்து அவர், “சரி பிலா” என்றாராம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் கேட்டதற்கு மறுப்புச் சொல்லாத மனிதர் அவர். நெப்ராஸ்காவில் சோளக்காட்டுக்கு நடுவே பிறந்து, கப்பல் தகடுகளைப் பற்றவைக்கும் வேலைக்காக எங்கள் ஊருக்கு வந்தவர். எங்கள் வெயிலையும் எங்கள் கடனையும் முணுமுணுக்காமல் தாங்கியவர், இதையும் தாங்கினார்.

பிலாவை யாரும் குறை சொல்லவில்லை. அவள் கணக்கு எங்களுக்குத் தெரியும். கட்டியவன் அமெரிக்கன், அமெரிக்கக் கம்பெனிக்காக வெளிநாட்டில் வேலை பார்ப்பவன் என்றால், மனைவி அந்த நாட்டில் வருஷக்கணக்காகக் குடியிருந்து காத்திருக்க வேண்டியதில்லை. கிரீன் கார்டு என்கிற பச்சை அட்டை கையில் இருந்தால், எங்கே வாழ்ந்தாலும், அமெரிக்க மண்ணுக்குப் போய்க் கையைத் தூக்கிச் சத்தியம் செய்தால் குடிமகள் ஆகிவிடலாம். அந்த மண்ணில் எங்களுக்குப் பக்கம் குவாம் தீவு. ஆனால் கை தூக்கும் அன்று கட்டியவன் உயிரோடும் வேலையோடும் இருக்க வேண்டும். செத்தவன் மனைவிக்கு அந்த வழி அடைபட்டுவிடும். பிலாவுக்கு அந்தக் குடியுரிமை தனக்காக வேண்டியிருக்கவில்லை. முதல் ஆளுக்குப் பிறந்த மகள் அனலீன், அம்மாவின் இரண்டாம் கல்யாணத்தின்போது பதினெட்டைத் தாண்டியிருந்தாள். அதனால் சட்டத்தின் கண்ணில் அவள் வெண்டெலுக்கு மகள் இல்லை. தாயே குடிமகளாகி, மகளுக்கு இருபத்தொன்று முடிவதற்குள் மனுக் கொடுத்தால் அவளைச் சீக்கிரம் அழைத்துக்கொள்ளலாம். பிறந்தநாள் தாண்டினால் வரிசையில் நின்று தலை நரைக்க வேண்டியதுதான்.

அனலீன் அப்போது பரெட்டோ கடற்கரையில் ஒரு மதுக்கடையில் கல்லாவில் இருந்தாள். அதே கடையின் உயர நாற்காலியில் வெள்ளைக்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்து உட்கார்ந்துதான் பிலாவின் இளமை போனது. முதலாளி இப்போது மகளிடம், “கல்லாவுல என்னம்மா வரும்? முன்னாடி வந்து உக்காரு, உங்கம்மா இடம் காலியாத்தான் கெடக்கு” என்று சொல்ல ஆரம்பித்திருந்தான். மகள் அதைச் சிரித்துக்கொண்டே வீட்டில் சொன்னாள். பிலா சிரிக்கவில்லை. அந்த நாற்காலியில் மகள் ஏறுவதற்குள் அவளைக் கடல் தாண்டி அனுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் உயிரில் மிச்சமிருந்த ஆசை.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. பிணம் இருக்கும் வீட்டை எங்கள் ஊரில் கூட்டமாட்டார்கள். குப்பை வாசலைத் தாண்டினால் இறந்தவரும் கிளம்பிவிடுவார், ஆனால் தனியாகப் போகமாட்டார், அந்த வீட்டு ஆள் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போவார். சபேலின் சித்தப்பா வீட்டில் அப்படித்தான் ஒரு மருமகள் போனாள். அடக்கம் முடிகிறவரை சில நாள் அழுக்கோடு இருப்பது யாருக்கும் பெரிதில்லை. பிலாவுக்கு அடக்கம் எப்போது என்றே தெரியாது. அவள் துடைப்பத்தைப் பரணில் போட்டாள். நடுப்பகல் வரை தூங்கிவிட்டு மதுக்கடைக்குப் போய் விடியலில் திரும்பும் மகள் அந்த ஞாயிறு மதியமும் வீட்டில் இல்லை. அவளிடம், வெண்டெலுக்குத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை, அவர் வீட்டில் இருக்கும்போது கூட்டினால் இழுப்பு வந்துவிடும் என்று சொல்லிவைத்தாள். அவர் கை ஏன் இப்படிச் சில்லிட்டிருக்கிறது என்று மகள் கேட்டதற்கு, அதுவும் அந்தத் தூசி வியாதிதான் என்றாள். தெருவில் யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் தெரு எதையும் மறைக்கத் தெரியாத தெரு. இதை மட்டும் மறைத்தது.

இறந்த வெண்டெல் நல்ல வேலைக்காரராக இருந்தார். எண்ணெய்த் தொட்டிக்குள் மற்றவர்கள் மயங்கி விழும் சூட்டில் அவர் வியர்க்காமல் உட்கார்ந்து பற்றவைத்தார். தண்ணீர் கேட்கவில்லை, ஒதுங்கப் போகவில்லை, லீவு எடுக்கவில்லை. கொசு அவர் மேல் உட்காராது. அவர் ஏறி வரும்போது நாய்கள் எழுந்து வழி விட்டன. துறையில் மேற்பார்வையாளர் மற்றவர்களிடம், அந்த மனுஷனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றாராம். கம்பெனி அவருடைய ஒப்பந்தத்தை அவரைக் கேட்காமலே நீட்டித்தது. மாலையில் அதே நாற்காலியில் உட்கார்ந்து, “அசதியா இருக்கு பிலா” என்பார். “கொஞ்ச நாள்தான்” என்பாள் அவள். அவர் காலைப் பிடித்துவிடுவாள். அந்தக் கால் சூடேறாது. சில நாள் அவள் அதைப் பிடித்தபடியே அழுவது பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும்.

குவாமிலிருந்து தேதி வந்தது. பிலா நீல நிறத்தில் ஒரு கவுன் தைத்துக்கொண்டு விமானம் ஏறினாள். அங்கே அவளை விசாரித்த அதிகாரி, காதோரம் பூ வைத்த, நல்ல முகமுள்ள பெண். திரும்பி வந்து பிலா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“உங்க வீட்டுக்காரர் வரலையா?”

“வேலைக்குப் போயிருக்கார்ங்க. ஒரு நாள்கூட லீவு போடமாட்டார்.”

“நல்லா இருக்காரா?”

“எந்தக் குறையும் சொல்றதில்லைங்க.”

“இந்தச் சத்தியம் முடிஞ்சதும் எங்க குடியிருப்பீங்க?”

“அவர்கூடத்தான். அவர் வேலை பாக்குற ஊர்ல.”

“அவர் வேலை முடிஞ்சுதுன்னா?”

“அவர் எங்க போறாரோ, நானும் கூடவே போயிடுவேன்.”

அதிகாரி சிரித்துவிட்டு, “அமெரிக்காவுக்குப் போய்க் குடியிருப்பேன்னு சொல்லணும்மா” என்றாள். பிலா அப்படியே சொன்னாள். பிறகு வலது கையைத் தூக்கி எல்லோரோடும் சேர்ந்து சத்தியம் செய்தாள். கையை இறக்கும்போது தோள்பட்டையில் யாரோ மூட்டையை வைத்தது போல் இருந்தது என்றாள். நாங்கள் அதைப் பயணக் களைப்பு என்று நினைத்தோம்.

அனலீனின் பிறந்தநாளுக்கு முன்பே மனு போய்ச் சேர்ந்தது. அடுத்த வருஷம் மழைக்காலத்தில் அவள் கலிபோர்னியாவுக்குப் போனாள். ஸ்டாக்டன் என்ற ஊரில் வயதானவர்களைக் குளிப்பாட்டி ஊட்டிவிடும் விடுதியில் வேலை. மதுக்கடை நாற்காலியில் வேறு யார் வீட்டுப் பெண்ணோ ஏறி உட்கார்ந்தாள். விமான நிலையத்திலிருந்து திரும்பிய பிலா நேரே புருஷனிடம் போய், “முடிஞ்சுது வெண்டெல். இனி நீ போகலாம்” என்றாள். அவர் கட்டிலில் படுத்து, கைகளை மார்பில் சேர்த்து, கண்ணை மூடினார். விடிந்ததும் எழுந்து வேலைக்குப் போனார்.

பிலா அலையாத இடமில்லை. தானே நடந்து வந்து நாற்காலியில் உட்காரும் ஆளுக்கு இறப்புச் சான்று எப்படி எழுதுவது என்றார் டாக்டர். படுத்த நிலையில் கொண்டுவா, ஜெபம் சொல்கிறேன் என்றார் பாதிரியார். வேலையை விடுகிறேன் என்று வெண்டெல் எழுதிக் கொடுத்ததை மேலாளர் நகைச்சுவை என்று நினைத்துச் சம்பளத்தை உயர்த்தினார். கடைசியில் பிலாவுக்கே புரிந்தது. அவர் வேலை முடிகிறவரை இங்கே அவரோடு வாழ்வேன் என்று கை தூக்கியவள் அவள்தான். அந்த வேலையோ முடிகிற வேலை இல்லை. சபேல்தான் ஒருநாள் மனசு கேட்காமல் சொன்னாள்: “அக்கா, ஒரு தரம் கூட்டிடேன். பாவம், அந்த மனுஷன் படுக்கட்டும்.”

“துணைக்கு யாரக் கூப்பிடுவார்னு உனக்குத் தெரியுமா? என்னக் கூப்பிட்டா நாளைக்கே கூட்டிருவேன். சபேல், எனக்கு இருக்கறது ஒத்தப் பொண்ணு.”

இருவரும் அப்படியே வாழ்ந்தார்கள். வருஷங்கள் போயின. தூசி கணுக்கால் அளவு வந்தது. எரிமலை வெடித்த வருஷம் கூரையிலிருந்து சாம்பலை மாதக்கணக்கில் வாரிய ஊர் எங்களுடையது, தூசிக்குப் பயப்படுகிறவர்கள் இல்லை. ஆனாலும் அந்த வீட்டைத் தாண்டும்போது மூச்சடைக்கும். கட்டிலிலிருந்து வாசல் வரை வெண்டெலின் காலடி ஒரு ஒற்றையடிப் பாதை போட்டிருந்தது. மூலையில் விழுந்த பூண்டு முளைத்துத் தாள் விட்டது. பிலா இருமிக்கொண்டே அதைப் பறித்துச் சமைத்தாள், தனக்கு மட்டும்.

அனலீன் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினாள். அம்மாவை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். டின் கறியும் சோப்பும் சாக்லேட்டும் நிறைந்த பெரிய அட்டைப்பெட்டியை வாசலில் இறக்கி, உள்ளே பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். வெண்டெல் துறையில் இருந்தார். அவர் வீட்டில் இல்லாத நேரம்தானே, இழுப்பு வராது என்று அந்தப் பிள்ளை நினைத்தது. வயதானவர்களின் அறைகளைச் சுத்தம் செய்து பழகிய கை. பரணிலிருந்து துடைப்பத்தை எடுத்தாள். சபேல் கடையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தின் சத்தம் காதில் விழுந்து அவள் ஓடி வருவதற்குள் வாசலுக்கு வெளியே இடுப்பளவு குவியல் கிடந்தது.

பிலா சந்தைப் பையோடு சரிவில் ஏறி வந்தாள். குவியலைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

“பாத்தியாம்மா, இந்த வீட்டுக்கும் தரைன்னு ஒண்ணு இருக்கு!”

“வெளிய தள்ளிட்டியா?”

“பின்ன? கட்டிலுக்கு அடியிலயா தள்ளி வைப்பேன்? ஏம்மா, பொண்ணு வந்திருக்கேன், ஒரு முத்தம் கெடையாதா?”

பிலா மகளைக் கட்டிக்கொண்டாள். கன்னத்திலும் நெற்றியிலும் தூசி படிந்த முடியிலும் முத்தம் கொடுத்தாள். பிறகு, மீனில் ஊற்றப் புளிப்புக் காடி இல்லை, நம்ம சபேல் கடைக் காடி வேண்டாம், சரிவுக்குக் கீழே கடையில்தான் நல்லது கிடைக்கும், ஓடிப்போய் வாங்கி வா என்றாள். “ஓடு, நிக்காத” என்று முதுகில் கை வைத்துத் தள்ளினாள். மகள் தெருமுனையைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய்க் குளித்து, குவாமுக்கு உடுத்திய நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு, நடுக்கூடத்தில் நின்று வலது கையைத் தூக்கினாள். சபேல் வாசலில் நின்று பார்த்தாள்.

“அவ இந்த வீட்டு ஆளு இல்ல. அவ ஸ்டாக்டன்காரி. இந்த வீட்டுல இருக்கறது நானும் அவரும்தான். அவர் எங்க போறாரோ நான் கூடவே வர்றேன்னு ஏற்கெனவே சொல்லியிருக்கேன்.”

சொல்லிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்து, பக்கத்தில் ஓர் ஆள் படுக்க இடம் விட்டாள். அந்த நேரத்தில்தான் துறையில் வெண்டெல் கருவியை அணைத்து, முகக்கவசத்தைக் கழற்றி, “முடிஞ்சுது” என்று பக்கத்திலிருந்தவனிடம் சொல்லிவிட்டு இரும்புத் தகட்டின் மேல் படுத்தார். கம்பெனி வண்டி அவரைக் கொண்டுவந்தபோது அனலீன் காடிப் புட்டியை மடியில் வைத்தபடி அம்மாவின் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது சூடேறவில்லை.

தாதோ மேசையைக் கொண்டுவந்து போட்டான். இரண்டு சவப்பெட்டிகள் இருந்ததால், சீட்டுப் பணத்தில் துக்க வீட்டுக்குச் சேரும் பங்கை இரண்டாகக் கொடுத்தான், தனக்கென்று எடுக்கவில்லை. வந்தவர்களின் காலடி மண் தரையில் சேர்ந்ததைப் பார்த்து அனலீன் விடுதிக் கைப்பழக்கத்தில் மறுபடி துடைப்பத்தைத் தேடினாள். சபேல் அதைத் தன் பாவாடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டு, “இருக்கட்டும் கண்ணு, பெறகு பாத்துக்கலாம்” என்றாள். அம்மாவுக்கு இதயம் நின்றுவிட்டது, அந்தச் சேதி கேட்டோ என்னவோ அவருக்கும் நின்றுவிட்டது என்று அந்தப் பெண் இன்றுவரை நம்புகிறாள். அப்படியே நம்பட்டும். எங்கள் தெருவில் யாரும் மாற்றிச் சொல்லப்போவதில்லை.

வேலை முடிந்ததும் தொழிலாளிக்கும் மனைவிக்கும் ஊர் திரும்ப வழிச்செலவு கொடுப்பது கம்பெனியின் வழக்கம். கொடுத்தார்கள். இரண்டு பெட்டிகளும் ஒரே விமானத்தில், குவாம் வழியாகப் போயின. நெப்ராஸ்காவில் வெண்டெலின் அக்கா சோளக்காட்டை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இடம் வாங்கியிருந்தாள். பிலா இப்போது அமெரிக்காவில், கணவரோடுதான் குடியிருக்கிறாள்.