பாம்புக் காதும் புதுத் தட்டும்

ஜொகூரின் பெர்மாஸ் ஜெயாவில் எனக்குப் பாம்புக் காது என்று பெயர். நானே வைத்துக்கொண்ட பெயர்தான். பத்து வருடமாகச் சொல்லிச் சொல்லி மற்றவர்கள் வாயிலும் வரவைத்துவிட்டேன். பாம்புக்கு வெளிக்காதே கிடையாது என்று பள்ளியில் ஆறாம் ஆண்டிலேயே படித்திருக்கிறேன். அது அப்போது உறைக்கவில்லை.

எங்கள் பாட்டுக் கேட்கும் குழுவில் ஏழு பேர். தலைவர் வயிரவன், கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். போனில் ஓடும் பாட்டை நாங்கள் பாட்டென்றே ஒத்துக்கொள்வதில்லை. ஒரே வீணைக் கச்சேரி என்னிடம் கேசட்டாக, சிடியாக, பிறகு எஸ்ஏசிடி என்ற உயர்தரத் தட்டாக இருக்கிறது. இப்போது அதையும் மிஞ்சிய ஒரு புதுத் தட்டு வந்திருப்பதாகவும், அதற்குத் தனி பிளேயர் வேண்டும் என்றும் வயிரவன் கண்டுபிடித்திருந்தார். நமக்கு அது தேவையா என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நான் பேச வேண்டும். நான் தலையாட்டினால் குழு வாங்கும்.

பேச்சை மூன்று பக்கத்துக்கு எழுதி முடித்திருந்தேன். வினாடிக்கு இருபதாயிரம் அதிர்வுக்கு மேலுள்ள ஓசையெல்லாம் சிடியில் வெட்டுப்பட்டுப் போகிறது, புதுத் தட்டில் அது உயிரோடு இருக்கிறது, கேட்கத் தெரிந்த காதுக்கு அந்த அருமை தெரியும் என்று ஒரே முழக்கம். ‘கேட்கத் தெரிந்த காது’ என்று வரும் இடத்தில் என் காதைத் தொட்டுக்கொள்ள வேண்டும் என்று பென்சிலால் குறிப்பு வேறு.

நான் பாட்டுக் கேட்கும்போது வீட்டில் காத்தாடி ஓடக் கூடாது. அதன் சத்தம் வீணையைக் கெடுக்கும். ஜொகூர் புழுக்கத்தில் பனியன் நனைய நான் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். என் மனைவி பிரேமலா அடுப்படிக் கதவை ஒருக்களித்துவிட்டு உள்ளே இருப்பாள். அவள் பாலர் பள்ளி ஆசிரியை. நாள் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வருவதால் வீட்டில் மெல்லப் பேசுகிறாள் என்று நினைத்திருந்தேன். “வாய்க்குள்ளயே பேசாத” என்று இரண்டு வருடமாக அவளைக் கண்டித்தும் வந்தேன். பாம்புக் காதுக்கே எட்டவில்லை என்றால் குற்றம் அவளுடையதாகத்தானே இருக்க வேண்டும்!

போன செவ்வாய்க்கிழமை சாயந்திரம் நானே டீ கலக்கினேன். அது லஞ்சம். கூடத்திலிருக்கும் ஷோகேசை எடுத்தால்தான் புது பிளேயருக்கு இடம் கிடைக்கும். அதில் எங்கள் மகள் ஷர்மினி பள்ளியில் வாங்கிய கோப்பைகள் நிறைந்திருக்கின்றன. பிரேமலா வாரம் தவறாமல் துடைத்து வைப்பாள். டம்ளரில் சீனியைப் போட்டபடியே விஷயத்தை அவிழ்த்தேன். பிரேமலா என்னைப் பார்க்கவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டு இரண்டு வார்த்தை சொன்னாள்.

“இனி போதும்.”

எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. இருபத்தெட்டு வருடக் குடும்பம். கத்திச் சொல்லியிருந்தால் சண்டை என்று விட்டிருப்பேன். அவள் சொன்னது அமைதியாக, முடிவெடுத்தவள் சொல்வதுபோல் இருந்தது. டம்ளரை அவள் முன்னால் வைத்துவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை இருவரும் பேசவில்லை. வியாழக்கிழமை அலமாரி மேலிருந்த பெரிய பையை அவள் இறக்கினாள். துணிகளை மடித்து மடித்து வைத்தாள். எங்கே போகிறாய் என்று கேட்கத் தொண்டை வரைக்கும் வந்தது. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்து, காத்தாடியை நிறுத்திவிட்டு வீணை கேட்க உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அவள் இல்லாத வீட்டில் இந்தப் பெட்டிகளோடு நான் என்ன செய்வேன் என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை தொழிற்சாலையில் காதுப் பரிசோதனை. செனாயில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் பிரிவில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறேன். காதடைப்பான் கொடுப்பார்கள். நான் போட மாட்டேன். என் காதை அடைத்துவிட்டால் மெஷினுக்கு என்ன கோளாறு என்று யார் கேட்டுச் சொல்வது? அவ்வளவு விலைமதிக்க முடியாத காது.

பரிசோதனை வேனுக்குள் ஒரு சின்ன அறை. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் சில சத்தங்கள் வந்தன. பிறகு நெடுநேரம் ஒன்றுமே இல்லை. போன வருடமும் இப்படித்தான், அதற்கு முந்திய வருடமும் இப்படித்தான். இன்னுமா இந்த மெஷினை ரிப்பேர் செய்யவில்லை என்று எரிச்சலோடு வெளியே வந்து, பரிசோதித்த மலாய்ப் பெண்ணிடம் சொன்னேன்.

“மெஷின் ஓக்கே லா, அங்கிள்” என்றாள். ஒரு தாளைக் காட்டினாள். அதில் ஒரு கோடு பாதிவரை நேராகப் போய், மூவாயிரத்துக்குப் பக்கத்தில் மாடிப்படியில் தவறி விழுந்ததுபோல் கீழே போயிருந்தது. நாலாயிரம், ஆறாயிரம், எட்டாயிரம் எல்லாம் தரையில் கிடந்தன. ஏற்கெனவே இரண்டு தடவை கடிதம் கொடுத்தோமே என்றாள். கொடுத்தார்கள்தான். அந்த உறைகளைப் பிரிக்காமலே மடித்து, ஆடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரின் காலுக்கு அடியில் செருகியிருந்தேன்.

அவள் பொறுமையாக மலாயில் விளக்கினாள். பேச்சே கேட்காமல் போகாது. மெல்லிய எழுத்துகள்தான் உதிர்ந்துவிடும். பாலை மலாயில் சூசூ என்பார்கள். “உங்க வைஃப் சூசூ வாங்கிட்டு வாங்கன்னு சொன்னா, உங்களுக்கு ஊ ஊன்னு கேக்கும். பால் வராது, சண்டைதான் வரும்” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வேனின் இரண்டாவது படியில் கால் வைத்தபோது என் சிரிப்பு நின்றது.

‘ச’ உதிர்ந்துவிடும்.

அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, தெப்ராவ் சாலை நெரிசலில் ஒவ்வொரு காரையும் திட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். பை வாசலில் இருந்தது. பிரேமலா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

“செவ்வாக்கிழம டீ கலக்குறப்ப என்னா சொன்ன?”

“என்னாங்க சொன்னேன்?”

“ஷோகேஸ் பத்திப் பேசுனப்ப. ரெண்டு வார்த்த.”

யோசித்தாள். நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். “சீனி போதும்னேன். நாலு கரண்டி அள்ளிப் போட்டீங்க. எனக்கு இனிப்பு ஆவாதுன்னு தெரியாதா?”

“எனக்கு இனி போதும்னு கேட்டுச்சு.”

“இனியா? எது இனி?”

“நாம ரெண்டு பேரும் சேர்ந்திருந்தது போதும்னு.” சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது.

பிரேமலா சிரித்தாள். சிரிப்புத் தாங்காமல் பை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். “அதான் மூனு நாளா மூஞ்சத் தூக்கி வச்சிருந்தீங்களா? ஷோகேஸ தரமாட்டேன்னு கோவமா இருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்!”

“அப்ப இந்தப் பை?”

“அலமாக்! ஷர்மினி சிங்கப்பூர்ல வீடு மாறுறா, ஸ்கூல் லீவுல ஒத்தாசைக்குப் போறேன்னு திங்கக்கிழமயே சொன்னேனே. நீங்கதான் தலய ஆட்டுனீங்க.”

ஆட்டியிருப்பேன். கேட்காததற்கெல்லாம் தலையாட்டுவது எனக்குப் பழகிப்போயிருந்தது. தாளை எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்க அவள் முகத்திலிருந்த சிரிப்புப் போய்விட்டது.

“கேக்குறதுக்கு வீடு பூரா சாமான் வாங்கி வச்சிருக்கீங்க” என்றாள். “ஏன் அப்படிச் சொன்னேன்னு என்கிட்ட ஒரு வார்த்த கேக்கத் தோணலயே உங்களுக்கு.”

என் கண்ணைத் துடைத்துக்கொள்ள அவள் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

அப்போது பார்த்துப் போன் அடித்தது. வயிரவன். “அண்ணே, பேச்சு ரெடியா? புதுத் தட்டு வேணும்தானே?”

“தட்டு கெடக்கட்டும் லா. எனக்கு நாலாயிரத்துக்கு மேல ஒன்னுமே கேக்கலயாம். கையில ரிப்போர்ட் இருக்கு.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. என் காது மேலும் கெட்டுவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

“நெசத்தச் சொல்லட்டா?” என்றார் வயிரவன். “சிடிக்கும் எஸ்ஏசிடிக்குமே எனக்கு வித்தியாசம் தெரிஞ்சதில்ல. நீங்க தலய ஆட்டுனீங்கன்னு நானும் ஆட்டுனேன்.”

மற்ற ஐந்து பேரும் யாரைப் பார்த்து ஆட்டினார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு எல்லாரும் காதைச் சோதித்துக்கொண்டு வரட்டும், தட்டைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பிறகு ஸ்பீக்கர் காலடியிலிருந்து இரண்டு உறைகளையும் உருவினேன். ஸ்பீக்கர் ஒரு பக்கம் சாய்ந்தது. அதைப் பார்க்க என்னைப் பார்ப்பதுபோல இருந்தது.

வாடகைக் கார் வந்துவிட்டது. பையைத் தூக்கிப் பின்னால் வைத்தேன். பிரேமலா ஏறி, கண்ணாடியை இறக்கி ஏதோ சொன்னாள். காரின் இரைச்சலில் எனக்கு ‘னிக்கிழமை’ என்பது மட்டும் வந்து சேர்ந்தது. பழக்க தோஷத்தில் தலை ஆடத் தொடங்கியது. பிடித்து நிறுத்தினேன்.

“கேக்கல” என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வார்த்தையைச் சொல்கிறேன். “இன்னொரு தடவ சொல்லு.”

பிரேமலா தலையை வெளியே நீட்டினாள். பாலர் பள்ளிப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதுபோல வாயை நன்றாகத் திறந்து, முதல் எழுத்தைப் பிடித்து நிறுத்தி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

“ச... னிக்கிழம, அடுத்த வாரம் வந்துருவேன்!”

பக்கத்து வீட்டுக் காளியம்மா துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு, “சரிம்மா, பத்திரமா போய்ட்டு வா” என்றார்.