குறிஞ்சி நகரில் விழுந்த கைதட்டல்

கல்லங்காட்டுக் காலனிக்குக் கிழக்கே மூன்று ஏக்கர் புறம்போக்கு கிடந்தது. சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்து விட்டுப்போன குழிக்கும் காலனிக்கும் நடுவே, கருவேல முள் மண்டிய மேடு. அதில் பாப்பாயி தனக்கென்று ஒரு மனையைக் காலடியாலேயே அளந்து, நாலு மூலைக்கும் நாலு கல் நட்டு வைத்திருந்தாள். பட்டாவா, சிட்டாவா, ஒரு மண்ணும் கிடையாது. ஆனால் அந்தக் கல்லை ஓர் ஆடு முட்டிச் சாய்த்தால்கூட ஆட்டுக்காரனை விடமாட்டாள். தெருவே கேட்கும்படி வைவாள்.

வையாமல் என்ன செய்வாள்? இருப்பது ஒற்றை அறை வீடு. மகள் வெற்றிச்செல்வி, மருமகன், பேரப்பிள்ளைகள் இரண்டு. மருமகன் சிமென்ட் லாரி ஓட்டிவிட்டு வீடு திரும்பினால், பாப்பாயி பாயைச் சுருட்டிக்கொண்டு மாரியம்மன் கோயில் வாசலுக்குப் போய்விடுவாள். மழைக்காலத்தில் பஸ் நிறுத்தம். காலனியில் பாதி வீட்டுக் கதை இதுதான். அந்த மேட்டை வீட்டுமனையாகப் பிரித்துக் கொடுங்கள் என்று அவர்கள் மனுக் கொடுக்காத அதிகாரி இல்லை. வருகிற தையில் என்பார்கள். எந்தத் தை என்று மட்டும் சொல்லமாட்டார்கள். போன வருஷம்தான் முதல் தடவையாக ஒரு சர்வேயர் வந்து டேப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்குப் பாப்பாயி தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள்.

இந்தப் பாப்பாயியின் தம்பிதான் சாமிதுரை. அதே காலனியில் குடியிருந்து செப்டிக் டேங்க் லாரி வைத்திருந்தான். லப்பைக்குடிக்காட்டில் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழும்பிய மாடி வீடானாலும் சரி, அரியலூர் ரோட்டுக் கல்யாண மண்டபமானாலும் சரி, தொட்டி நிரம்பினால் அவனுக்குத்தான் போன் வரும். போனில் ‘சாமிதுரை அண்ணே’ என்று தேனாகப் பேசுவார்கள். வந்து குழாயை உள்ளே இறக்கியதும் ஜன்னலையெல்லாம் சாத்திக்கொள்வார்கள். உறிஞ்சுவதற்கு எல்லா ஊரும் கூப்பிட்டது, கொட்டுவதற்கு ஓர் ஊரும் விடவில்லை. ஓடையோரம், கருவேலங்காடு என்று திருட்டுத்தனமாகக் கொட்டிக்கொண்டிருந்தான். ஒரு தடவை வாலிகண்டபுரத்துக்கு அந்தண்டை சனங்கள் வளைத்துப் பிடித்து, லாரிக் கண்ணாடியை உடைத்து, அவனையும் நாலு சாத்து சாத்தினார்கள். அவர்கள் மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. நம் ஓடையில் ஒருத்தன் ஊற்றினால் நாம் சும்மாவா இருப்போம் என்றுதான் நினைத்தான்.

ஆகையால் டவுனில் தொட்டிக் கசடைக் கொட்டிச் சுத்திகரிக்கிற நிலையம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் அவனுக்கு உயிர் வந்தது. பக்கத்து மாவட்டத்தில் அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்து, சொந்தக் காசில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டே வந்தான். நாற்றமே இல்லை, சுற்றிலும் பூச்செடி வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்னலாம் என்று அக்காவிடம் அளந்தான்.

“நீ தின்னு” என்றாள் பாப்பாயி.

நிலையத்துக்குப் பார்த்திருந்த இடம் டவுனின் விளிம்பில், குறிஞ்சி நகருக்குப் பின்னால். நகர் என்றால் சாமானியப்பட்ட நகர் இல்லை. வாத்தியார், வக்கீல், பேங்க் மேனேஜர் எல்லாரும் ரிட்டையர் ஆகி வந்து குடியேறிய இடம். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அங்கேயே ஒரு கல்யாண மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை, டீ பிஸ்கட்டோடு நடந்தது. எல்லாரும் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்கள். கேமராக்காரர் ஒருவர் அரசாங்கத்துக்காகப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நகர்ச் சங்கத் தலைவர் இளவரசன், கூட்டுறவுத் துறையில் பெரிய பதவியில் இருந்தவர், நிலத்தடி நீர், குழந்தைகளின் ஆரோக்கியம், அரசியல் சாசனம் என்று அரைமணி நேரம் வெளுத்து வாங்கினார். மக்களுக்குப் பிடிக்காததை மக்கள் மேல் திணிப்பது ஜனநாயகமா என்று அவர் கேட்டபோது அதிகாரியே தலையாட்டினார்.

சாமிதுரை பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தான். அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேரின் தொட்டி எத்தனை அடி ஆழம் என்று அவனுக்குத் தெரியும். இவர்களுடையதைத்தானே நான் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறேன் என்று வயிறு எரிந்தது. கையைத் தூக்கினான். மைக் கைக்கு வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே பேசினான். பிளான்ட் நல்லது, நேரில் பார்த்தேன், நாற்றம் இருக்காது என்றான்.

இளவரசன் சிரித்துக்கொண்டே திரும்பினார். “அவ்வளவு நல்ல சாமான்னா ஒங்க தெருவுல வச்சுக்கறதுதானேப்பா? ஏன் எங்க தலையில கட்டுறீங்க?”

மண்டபம் சிரித்தது. சாமிதுரைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“வச்சுக்கறோம் சார். கல்லங்காட்டுல கொண்டாந்து வைக்கச் சொல்லுங்க. ஒங்களாட்டம் மூக்கப் புடிச்சிக்கிட்டு நாங்க ஒண்ணும் ஓட மாட்டோம்.”

இதுதான் அவன் சொன்னது. சண்டையில் ‘வெட்டுடா பாப்போம்’ என்று கழுத்தை நீட்டுகிறவன், வெட்டச் சொல்லியா நீட்டுகிறான்? நம் பக்கத்தில் யாருக்கும் இது விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு மண்டபமே எழுந்து கைதட்டியது. பேங்க் மேனேஜர் வந்து முதுகில் தட்டினார். வக்கீல் வீட்டம்மா ஒரு டீயை எடுத்துக் கையில் கொடுத்தார். சாமிதுரை பிறந்ததிலிருந்து அவனுக்காக யாரும் கைதட்டியதில்லை. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டோம், அதற்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான், இளிச்சவாயன்.

அந்த வீடியோ மறுநாளே போனுக்குப் போன் ஓடியது. சாமிதுரை அதைத் தானே காலனி குரூப்பில் போட்டான். பாப்பாயிக்குக்கூடக் காட்டினான். அவளுக்குச் சத்தம் சரியாகக் கேட்கவில்லை. தம்பி பெரிய மனிதர்கள் நடுவே நின்று பேசுகிறான், எல்லாரும் கைதட்டுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. நன்றாகத்தான் இருக்கிறாய், சட்டையைக் கொஞ்சம் துவைத்துப் போட்டிருக்கலாம் என்றாள்.

குறிஞ்சி நகர் மக்களின் ஆட்சேபம் ஏற்கப்பட்டது என்று ஒரு வாரத்தில் பேப்பரில் வந்தது. அடுத்ததாகப் பார்த்த இடம் மெயின்ரோட்டு ஊர் ஒன்றின் எல்லை. அங்கே கூட்டம் போடுவதற்கு முந்தின நாளே பத்து டிராக்டர் ரோட்டில் குறுக்கே நின்றது. அந்த ஆட்சேபமும் ஏற்கப்பட்டது. நிலையம் வேண்டாம் என்று எவனும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? இங்கே வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.

ஆடி பிறந்ததும் கல்லங்காட்டு மேட்டில் சர்வேயர்கள் வந்து இறங்கினார்கள். பாப்பாயிக்குக் கால் தரையில் பாவவில்லை. வெயிலில் நிற்கிறார்களே என்று சொம்பு சொம்பாக மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர்கள் முள்ளை வெட்டி, அவளுடைய நாலு கல்லையும் பிடுங்கி எறிந்துவிட்டு, மஞ்சள் பெயின்ட் அடித்த பெரிய கற்களை நட்டார்கள். அவளுக்கு அது வருத்தமாக இல்லை. கவர்மென்ட் கல் கெட்டியான கல்லாயிற்றே என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சாயங்காலம் வெற்றிச்செல்வி ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து, பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு வந்து சொன்னாள். டவுன் கழிவு முழுக்க இங்கே வரப்போகிறது, அதற்குத்தான் அளந்தார்களாம்.

பாப்பாயி கத்தவில்லை. மோர்ச் சொம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நேரே தம்பி வீட்டுக்குப் போனாள்.

“நீதான் கொண்டாரச் சொன்னியாமே?”

அது ஏதோ கோபத்தில் சொன்னது என்று அவன் இழுத்தான். பிளான்ட் நாறாதுக்கா என்றான்.

“நாத்தத்துக்கு நான் அழுவல தொரை. அது என் வூடு.”

அதற்கு மேல் அவள் அவனோடு பேசவில்லை.

சாமிதுரை மறுநாள் லாரியை எடுக்காமல், கூட்டம் நடத்திய அதிகாரியின் ஆபீசுக்கு ஓடினான். நான் காலனிக்குத் தலைவன் இல்லை, மெம்பர் இல்லை, பேச்சுவாக்கில் சொன்னதை எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று கெஞ்சினான். அதிகாரி நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். பொதுமக்கள் ஒரு கூட்டத்தில் சொல்வதில் எது பேச்சுவாக்கு, எது கருத்து என்று நாங்கள் எப்படிப் பிரிப்பது என்று கேட்டார். அந்தக் கூட்டத்துக்குக் கல்லங்காட்டிலிருந்து வந்தவர் நீங்கள் ஒருவர்தான், நீங்களும் வேண்டும் என்றுதானே சொன்னீர்கள் என்றார். அங்கேயும் கூட்டம் போடுவோம், வந்து சொல்லுங்கள் என்று எழுந்துகொண்டார்.

அங்கிருந்து குறிஞ்சி நகர். இளவரசன் கேட்டுக்குள்ளே நின்றார், இவன் வெளியே நின்றான். அன்றைக்கு நான் வேண்டுமென்று சொல்லவில்லை, வாக்குவாதத்தில் சொன்னதுதான் என்று ஒரு வார்த்தை நீங்கள் ஆபீசில் வந்து சொன்னால் போதும் சார் என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

“நாங்க எங்க கருத்தச் சொன்னோம், கேட்டாங்க. நீங்களும் போயிச் சொல்லுங்க, கேப்பாங்க. அதுக்குப் பேருதான்பா ஜனநாயகம்” என்றார் அவர். அவன் திரும்பி நடந்தபோது கூப்பிட்டு, அடுத்த வாரம் தொட்டி சுத்தம் பண்ண வேண்டும், மறந்துவிடாதே என்றார்.

கல்லங்காட்டில் கூட்டம் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு. வேலைக்குப் போகிற சனங்களுக்கு எந்த மகராசன் அந்த நேரத்தைக் குறித்தானோ தெரியாது. ஆனாலும் ஒருத்தரும் வேலைக்குப் போகவில்லை. நூறு நாள் வேலைக்காரர்கள் மண்வெட்டியோடு வந்து உட்கார்ந்தார்கள். மருமகன் லாரியை நிறுத்திவிட்டு வந்தான். பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் மேசை போட்டிருந்தது. அதே அதிகாரி, அதே கேமராக்காரர். பிஸ்கட் இல்லை.

எழுந்தவர்கள் எல்லாம் ஒன்றையே சொன்னார்கள். அது எங்கள் மனை. அதிகாரி பொறுமையாகக் கேட்டார். உங்கள் கருத்து பதிவு செய்யப்படும் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். குறிஞ்சி நகரில் கேட்டுத் தலையாட்டிய அதே மனிதர். பிறகு, உங்கள் ஊர்க்காரர் ஒருவரே முன்வந்து வரவேற்றதால்தான் இந்த இடம் பரிசீலனைக்கே வந்தது என்று சொல்லி, போனை எடுத்து அந்த வீடியோவை ஓட்டினார். மைக்கைப் பக்கத்தில் பிடித்தார்கள். பாப்பாயிக்கு இந்தத் தடவை நன்றாகக் கேட்டது. வச்சுக்கறோம் சார். கொண்டாந்து வைக்கச் சொல்லுங்க. அப்புறம் அந்தக் கைதட்டல், முடிகிற வழியாகவே இல்லை.

சாமிதுரை எழுந்தான். அது சண்டைப் பேச்சு, நான் யாரு அதைச் சொல்ல என்று கத்தினான். குரல் உடைந்து அழுதே விட்டான். இதுவும் பதிவு செய்யப்படும் என்றார் அதிகாரி. முன்பு ஆதரவு, இப்போது எதிர்ப்பு, இரண்டுமே இருக்கும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

கடைசியாக, திட்டத்தை எதிர்ப்பவர்கள் கைதூக்குங்கள், கேமரா எண்ணிக்கொள்ளட்டும் என்றார். வேப்ப மரத்தடி முழுக்கக் கை எழுந்தது. கைக்குழந்தையை இடுக்கிய பெண்கள் மற்றக் கையைத் தூக்கினார்கள். வெற்றிச்செல்வி ஆஸ்பத்திரி யூனிபாரத்திலேயே தூக்கினாள். பாப்பாயி இரண்டு கையையும் தூக்கினாள். ஒன்று போதும்மா என்று கேமராக்காரர் சொன்ன பிறகு ஒன்றை இறக்கினாள். எண்பதுக்கு மேல் இருக்கும். அங்கே இவன் ஒருத்தன் வாய் போதுமாயிருந்தது, இங்கே இத்தனை கை போதாது என்பது தூக்கியவர்களுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துதான் தூக்கினார்கள்.

சாமிதுரையும் அக்காவுக்குப் பக்கத்தில் வந்து நின்று கையைத் தூக்கினான். பாப்பாயி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இறக்கிய கையால் அவன் முழங்கையைப் பிடித்து, மெதுவாகக் கீழே இழுத்தாள்.

“நீ எறக்கு தம்பி. ஒன் கைய அன்னிக்கே எண்ணிட்டாங்க.”

அவன் இறக்கினான். கேமராக்காரர் மற்றவர்களை எண்ணி முடித்தார்.