அறுபத்து மூன்று எழுதிய கேக்

தேர்தல் ஞாயிறுகளில் என் மாமனார் ஆர்வோ தம் கையாலேயே கேக் செய்வார். வாக்குச்சீட்டில் நாங்கள் எழுத வேண்டியது வேட்பாளரின் எண்ணைத்தான்; தம் கட்சி வேட்பாளரின் எண்ணை அவர் கேக்கின்மேல் ப்ளூபெர்ரிகளால் எழுதுவார். வாக்களித்துவிட்டு வரும் குடும்பத்தினர் அவ்வெண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னவருக்கே துண்டும் காப்பியும். கொக்கோலா நகருக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் தேர்தல் காப்பியைத் தவறவிடத் துணிந்தவர் எவருமில்லை.

இம்முறை எண் அறுபத்து மூன்று.

லாரி ஓட்டும் என் கணவர் ரவுலியும் முன்பெல்லாம் அக்கட்சிக்கே வாக்களித்தவர்தாம். தந்தையருக்கும் குழந்தை வளர்ப்பு விடுப்பு என்று அரசு சட்டம் கொண்டுவந்தபோது, "ஆம்பளைக்கு எதுக்குத் தொட்டில் வேலை?" என்று தந்தையோடு சேர்ந்து சிரித்தார். பிறகு எங்கள் ஹில்லா பிறந்தாள். நான் பல் மருத்துவமனைப் பணிக்குத் திரும்ப, அவர் ஆறு மாதம் வீட்டில் இருந்தார். ஹில்லா முதலடி வைத்தது அவரை நோக்கித்தான். அன்று என்னைத் தொலைபேசியில் அழைத்து அழுதார்.

அந்த விடுப்பைக் குறைக்கப்போவதாகவே அறுபத்து மூன்றாம் எண்ணுக்குரியவர் அறிவித்திருந்தார்.

"அப்பாகிட்ட எனக்குப் பொய் சொல்ல வராது" என்றார் ரவுலி, காரில்.

"அப்ப கேக் சாப்பிடாதே."

"அதுவும் முடியாதே!"

பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் வாக்குப்பதிவு. மறைப்புக்குள் ரவுலியின் இடுப்பிலிருந்த ஹில்லா பென்சிலைப் பறித்து வாக்குச்சீட்டு முழுவதும் கிறுக்கிவிட்டாள். புதுச் சீட்டுக் கேட்டு அவர் வெளியே வர, வரிசையில் நின்ற ஆர்வோ சும்மா இருப்பாரா?

"ரெண்டே ரெண்டு இலக்கம்டா! அதையுமா தப்பா எழுதுன?"

கூடமே சிரித்தது. ரவுலியின் காதுகள் சிவந்தன.

மாமனார் வீட்டில், எங்களுக்கு முன்பே வந்துவிட்ட ஆர்வோ கேக் வெட்டும் கத்தியோடு காத்திருந்தார்.

"ரெண்டாந்தடவையாவது ஒழுங்கா எழுதுனியா? நம்பரைச் சொல்லு."

ரவுலி ஹில்லாவை இறுக அணைத்துக்கொண்டார். "அறுபத்து மூணு இல்லப்பா. இவ நடந்ததை நான் என் கண்ணால பாத்தேன். மத்த அப்பனுங்களும் பாக்கட்டும்."

கத்தி அந்தரத்தில் நின்றது.

"உங்கம்மா இதைத் தாங்கமாட்டாடா" என்றார் ஆர்வோ.

என் மாமியார் தைமி காப்பி ஊற்றுவதை நிறுத்தவில்லை. "நான் ஏன் தாங்கணும்? இவனைக் குழந்தைகள் காப்பகத்துல விட்டுட்டுத் தபாலாபீஸ் வேலைக்குப் போனேனே, அந்த வருஷத்துலேர்ந்து காப்பகச் சட்டம் கொண்டுவந்தவங்களுக்குத்தான் என் ஓட்டு."

"அப்ப ஒவ்வொரு தடவையும் நம்பரைச் சத்தமாச் சொன்னியே?"

"கேக்குல இருந்ததைப் படிச்சேன், ஆர்வோ. அதுக்குத்தான் போட்டேன்னு எப்பச் சொன்னேன்?"

"முப்பது வருஷமா என் கேக்கைத் தின்னுட்டு!"

"கேக்குல ஒரு குறையும் இல்லையே."

அந்நேரம் ஹில்லா குனிந்து, 'மூன்றை' முழுதாக வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். ஆர்வோ அவளைப் பார்த்தார். பின் தோள்கள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார்.

"போச்சு! இந்தச் சீட்டும் செல்லாது!"

முதல் துண்டை ரவுலியிடம் நீட்டினார், பெரியதாகவே.

என் எண்ணை எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு இரண்டு துண்டுகள் கிடைத்தன.